கழுவக் கழுவ இறுகிய நிலம்

வெள்ளை பூத்த நிலத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம் என்ற மகத்தான யோசனை எனக்கு ஒரு பேக்கரி வாசலில் உதித்தது. நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன பேக்கரி அது. டீ மாஸ்டர் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்தார். அடியில் கரையாத சர்க்கரை கெட்டியாக ஒட்டியிருந்தது. கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றி, தெருவில் வீசினார். டம்ளர் பளிச்சென்று ஆனது. எனக்குள்ளும் ஏதோ பளிச்சென்றது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

டீ மாஸ்டரின் டம்ளருக்கு வாய் இருந்தது. வீசுவதற்குத் தெரு இருந்தது. நான் கழுவப் போன நிலத்துக்கு இரண்டும் கிடையாது. இந்தச் சின்ன வித்தியாசம் எனக்கு உறைக்க இரண்டு வாரம் ஆனது. வேளாண்மைப் பட்டம் வாங்க நான்கு வருஷம் எடுத்துக்கொண்டதோடு ஒப்பிட்டால் வேகம்தான்.

புதிதாகக் களப்பணிக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் 'அனுபவம் வாய்ந்த ஒருவர்' நாலு வார்த்தை எழுதித் தர வேண்டும் என்று நம் கம்பெனி அலுவலகத்தில் கேட்டார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம் விலகினேன். நம் தொழிலில் ஒரே வட்டாரத்தில் ஆறு வருஷம் தாக்குப்பிடித்தால் அது பணி ஓய்வுக்குச் சமம் போலிருக்கிறது, சால்வைகூடப் போர்த்தினார்கள். எழுதியதை அவர்கள் அச்சடிக்க மாட்டார்கள் என்பது இரண்டாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் நேராக உங்களுக்கே அனுப்புகிறேன்.

சொட்டுநீர்க் குழாயை எப்படிப் பொருத்துவது, மண் மாதிரி எடுக்க எத்தனை இடத்தில் தோண்டுவது என்பதையெல்லாம் பயிற்சியில் படம் போட்டுக் காட்டுவார்கள். கொட்டாவி விடாமல் பாருங்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு நிலத்தைப் பற்றி. அதை நான் கெடுத்த விதத்தைப் பற்றி.

நிலத்துக்காரர் பெயர் செல்வராணி. நாற்பது வயது இருக்கும். கணவர் வடக்கே ஓடும் லாரியில் டிரைவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இரண்டு ஏக்கரில் சின்ன வெங்காயமும் மரவள்ளியும் மாற்றி மாற்றி வைத்து, விவசாயத்தை முழுக்கப் பார்த்துக்கொண்டது செல்வராணி அக்காதான். பக்கத்து நிலம் கொழுந்தனார் குமரேசனுடையது. அவருக்கு முட்டைக்கோழி ஷெட் ஒன்று, போர் போடும் ரிக் வண்டியில் ஒரு பங்கு. இந்த இரண்டும் இருப்பவர் சொல்லுக்கு எங்கள் பக்கம் எதிர்ச்சொல் கிடையாது.

கிணறு வற்றியபோது குமரேசன் ரிக்கைக் கொண்டுவந்தார். மற்ற ஊர்களில் தண்ணீர் வற்றினால் யோசிப்பார்கள். எங்கள் வட்டாரத்தில் ஆழம் போவார்கள். ஆயிரம் அடியில் தண்ணீர் பீய்ச்சியது. ஊரே வந்து பார்த்தது. மூன்று வருஷத்தில் நிலம் அங்கங்கே வெள்ளை பூத்தது. சில இடத்தில் எண்ணெய் கொட்டினாற்போலக் கறுத்தது. நிலத்தில் சத்து இல்லை என்று குமரேசன் தீர்ப்பு சொல்லி, தன் ஷெட்டிலிருந்து கோழி எருவை டிராக்டர் டிராக்டராகக் கொட்டினார். கோழி எருவிலும் உப்பு உண்டு என்பதைச் சொல்ல அங்கே யாருமில்லை. நிலம் இன்னும் வெளுத்தது. மூன்றாவது தீர்ப்பாக, அங்கே இன்னொரு ஷெட் போட்டுவிடலாம் என்றார். கோழிக்கு மண் எப்படி இருந்தால் என்ன?

நான் முதல் முறை போனபோது செல்வராணி அக்கா விஷயத்தை நேராகச் சொன்னார்.

"ஒரே ஒரு போகம் குடுத்திருக்காங்க அம்மிணி. வெதை போட்டு முளைச்சா நெலம் எனக்கு. முளைக்கலைன்னா ஷெட்டு. எங்கூட்டுக்காரரும் போன்ல, தம்பி சொல்ற மாதிரி செய்யுங்கறாரு."

"ஷெட் போட்டா உங்களுக்கும் பங்கு வருமில்லக்கா?"

"வருமுங்க. காலையில முட்டை எடுக்கலாம், சாயங்காலம் முட்டை எடுக்கலாம். எந்நெலத்துல நானே கூலிக்கு ஆளுக்காரி."

அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் பேனா மாதிரி இருக்கும் உப்பு மீட்டரை எடுத்து நீட்டினேன். தெரியாதபோது கருவியை எடுப்பது நம் தொழிலின் முதல் தற்காப்பு. நீங்களும் சீக்கிரம் பழகிவிடுவீர்கள். சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள் நான். எனக்கு வயல் என்றால் பாடத்திட்டம், மீட்டர் என்றால் தைரியம். சுரண்டிய வெள்ளையைத் தண்ணீரில் கலக்கி மீட்டரை விட்டேன். எண் ஏறிக்கொண்டே போனது. உப்பு! கண்டுபிடித்துவிட்டேன்! வெள்ளையாகக் கண்ணுக்கு எதிரே கிடப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கருவி தேவைப்பட்டது என்பதை அன்றைக்கு யாரும் சுட்டிக்காட்டவில்லை.

கிளம்பும்போது குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

"போர் தண்ணி வேண்டாமுங்க, குழாத்தண்ணி தாரேன். இந்தப் போர் தண்ணியில சோறு வெச்சா மஞ்சளா வருதுங்க அம்மிணி. பருப்பு கொழகொழன்னு கரைஞ்சு போவுது. துணி தொவைச்சா கையெல்லாம் வழவழன்னு ஆவுது."

நான் கவனமாகக் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் நோட்டில் எழுதவும் செய்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'குடிநீர்ப் புகார். நம் துறை இல்லை' என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டிருக்கிறேன். கோடு மிக நேராக இருக்கிறது.

அந்த மாதத்தில்தான் பேக்கரி, டம்ளர், ஞானம் எல்லாம்.

வரப்பை உயர்த்தி, பாத்தி கட்டி, மும்முனை மின்சாரம் வரும்போதெல்லாம் மோட்டாரை ஓட்டி நாலு நாள் தண்ணீரைத் தேக்கினோம். எந்தத் தண்ணீர்? அதே போர் தண்ணீர். நாலாம் நாள் மேல்மண்ணை எடுத்து மீட்டரை விட்டால் எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அங்கேயே நின்று படம் பிடித்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மேலாளர் கைதட்டும் பொம்மைகள் அனுப்பினார். தர்மபுரியிலிருந்து ஒருவர் 'வாழ்த்துகள் சகோதரி' என்று எழுதினார். அவருக்கு நான் பதில் நன்றியும் எழுதினேன். இப்போது நினைத்தால் அதுதான் அதிகமாக உறுத்துகிறது.

மோட்டாரை நிறுத்திவிட்டு, தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குவதற்காகக் காத்திருந்தோம். இரண்டு நாளில் இறங்க வேண்டும். ஐந்து நாள் ஆனது. தண்ணீர் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. ஏழாம் நாள் குமரேசன் வரப்பில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, மீன் குஞ்சு வாங்கி உட்டரலாமுங்களா?"

ஒன்பதாம் நாள் தன் ரிக் கூட்டாளிகள் இரண்டு பேரைக் கூட்டி வந்து காட்டினார். அவர்கள் மிகவும் மரியாதையானவர்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "படிச்ச புள்ளைங்க செஞ்சா அதுல ஏதோ இருக்குமுங்க" என்றார்கள்.

கடைசியில் அந்தத் தண்ணீர் கீழே போகவே இல்லை. வெயில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தீர்த்தது. அடியில் கிடந்த மண் பளபளவென்று மெழுகியது போலிருந்தது. காய்ந்ததும் தட்டுத் தட்டாக வெடித்து ஓரம் சுருண்டது. அதற்குக் கீழே மம்முட்டியைப் போட்டால் எகிறி முழங்காலுக்கு வந்தது. செல்வராணி அக்கா ஒரு மண் தட்டை எடுத்து நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"ஓடு மாதிரி சத்தம் வருதுங்க" என்றார்.

குமரேசன் நடு வயலில் ஏறி, செருப்புக் காலால் இரண்டு முறை ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு, "அண்ணி, ஷெட்டுக்குத் தளம் போடற வேலை மிச்சமுங்க. அம்மிணிக்கு ஒரு அட்டை முட்டை குடுத்தனுப்புங்க" என்றார். கேலி என்று நினைத்தேன். உண்மையிலேயே கொடுத்தனுப்பினார். முப்பது முட்டை. எங்கள் வீட்டில் ஒரு வாரம் ஆம்லெட். அவமானம் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அலுவலகத்தில் என் மேலாளர் கலங்கவே இல்லை. கலங்காமல் இருப்பதற்குத்தான் அவரை மேலாளர் ஆக்கியிருக்கிறார்கள். கிடங்கிலிருந்து ஒரு வெள்ளைக் கேனை எடுத்து மேசைமேல் வைத்தார். மண்ணுக்குப் புத்துயிர் கொடுக்கும் திரவம். உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் இல்லை. ஒரு பச்சை இலை மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும்.

"இதை அந்தம்மாவுக்குக் குடு. எப்படியும் மழை வரும். மழை வந்தா எந்த நிலமும் கொஞ்சம் தெளியும். நம்ம மருந்துல தெளிஞ்சதுன்னு எழுதிக்கலாம்."

"தெளியலைன்னா சார்?"

"மழை பத்தலைன்னு எழுதிக்கலாம்."

கவனியுங்கள், எந்தப் பக்கம் போனாலும் நாம் தோற்காத வழி இது. உங்களுக்கும் ஒரு நாள் அந்தக் கேன் கைக்கு வரும். நான் அதை மறுத்து வீர வசனம் பேசினேன் என்று நினைக்காதீர்கள். வாங்கி ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டேன். அதே ஸ்கூட்டரின் டிக்கியில் மண் மாதிரியும் இருந்தது. எதை முதலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரியாமல் பைபாஸ் வரை வந்து, சேலம் பக்கம் திரும்பினேன்.

சேலத்து மண் ஆய்வகத்தில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர் பர்வீன். என் வயதுதான். எங்கள் தொழிலில் இரண்டு பெண்கள் சந்தித்தால் உடனே ஒருவரையொருவர் மேடம் ஆக்கிவிடுவோம். மற்றவர்கள் ஆக்கும் வரை காத்திருந்தால் நடக்காது.

"தண்ணி மாதிரி எங்க மேடம்?"

"மண்ணுதான் கொண்டுவந்திருக்கேன் மேடம்."

"இந்த மண்ணு தண்ணி குடிக்காமலா இப்படி ஆச்சு?"

நான் என் மீட்டர் சாதனையைச் சொன்னேன். எண் பாதிக்குக் கீழே இறங்கியதைச் சொன்னேன். வாட்ஸ்அப் கைதட்டலை மட்டும் விட்டுவிட்டேன். பர்வீன் மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"அந்தத் தண்ணில சோறு வெச்சா எப்படி வருதுன்னு அந்த வீட்டு அம்மாகிட்ட கேட்டீங்களா?"

என் நோட்டு பைக்குள் சூடாவது போலிருந்தது.

"மஞ்சளா வருதாம்."

"பரவால்லையே, கேட்டிருக்கீங்க."

"கேக்கலை. அவங்களாவே சொன்னாங்க."

"எப்ப?"

"தண்ணி கட்டுறதுக்கு முன்னாடி."

பர்வீன் விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "நல்ல ஞாபக சக்தி மேடம் உங்களுக்கு" என்றார்.

எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று கேட்டேன். "எங்க அத்தாவுக்கு செவ்வாய்ப்பேட்டையில பலசரக்குக் கடை. அரிசி மஞ்சளா இருக்குன்னு யாராவது சண்டைக்கு வந்தா, எங்கத்தா மொதல்ல கேக்குறது உங்க வீட்ல எந்தத் தண்ணின்னுதான். போர் தண்ணின்னு சொன்னா, ஒரு குடம் குழாத்தண்ணி புடிச்சுப் பொங்கிப் பாத்துட்டு வாங்கன்னு அனுப்பிடுவாரு. திரும்பி வந்தவங்க கம்மி."

பிறகு இரண்டு கண்ணாடிக் குவளையில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, இரண்டிலும் என் மண்ணைக் கரைத்தார். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் போட்டார். "வாங்க, சாப்ட்டு வரலாம்." திரும்பி வந்தபோது தூள் போட்ட குவளையில் மண் அடியில் படிந்து மேலே தெளிந்த தண்ணீர். மற்றதில் பால் விட்ட டீ. அது மறுநாளும் அப்படியேதான் இருக்கும் என்றார்.

"ஒரு வகை உப்பு தண்ணில கரைஞ்சு ஓடிப்போயிடும் மேடம். அது உவர். சோடியம் அப்படி இல்லை, மண்ணைப் புடிச்சுக்கும். புடிச்சா மண்ணு மாவா கலைஞ்சு, இருக்கற சந்தெல்லாம் அடைச்சுக்கும். அது களர். உங்க நிலத்துல ரெண்டும் இருந்துச்சு. கொஞ்சநஞ்சம் மண்ணைக் கட்டிப் புடிச்சிருந்த உப்பை நீங்க கழுவிட்டீங்க. அதுவும் எதால? ஆயிரம் அடியில இருந்து ஆப்பசோடாத் தண்ணியை எடுத்து. ஆப்பசோடாவும் சோடியம்தான், சோறு மஞ்சளாகறதும் அதாலதான். மீட்டர் எறங்கத்தான் செய்யும். அது மொத்த உப்பைத்தான் சொல்லும், எந்த உப்புன்னு சொல்லாது."

களருக்கும் உவருக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டாம் வருஷத் தேர்வில் அட்டவணை போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அட்டவணை அழகாக இருந்ததாகப் பேராசிரியர் பாராட்டினார். வயலில் யாரும் அட்டவணை போட்டு வைப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

வெள்ளைத் தூள் ஜிப்சம். அதை நிலத்தில் போட்டு, மேலாக உழுது, நல்ல தண்ணீர் தேக்கி, வடித்து வெளியேற்ற வேண்டும். பிறகு பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். மறுபடி அதே போர் தண்ணீரைப் பாய்ச்சினால் பழைய கதைதான்.

"இந்த போகத்துல வெங்காயம்?" என்று கேட்டேன்.

"எந்த போகத்துலன்னே இப்பச் சொல்ல முடியாது" என்றார் பர்வீன்.

சேலத்திலிருந்து திரும்பும் வழி முழுக்கக் கேன் என் காலில் இடித்துக்கொண்டே வந்தது. கேனைக் கொடுத்தால் செல்வராணி அக்கா நம்பிக்கையோடு விதை போடுவார். முளைக்காது. ஷெட் வந்துவிடும். மழை பத்தவில்லை என்று நான் எழுதிக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னாலும் ஷெட் வந்துவிடும். கூடுதலாக என் மானமும் போகும். ஷெட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் உண்மைப் பக்கம் சாய்ந்தது பெரிய அறத்தால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், அந்த மஞ்சள் சோற்று விஷயத்தில் 'நல்ல ஞாபக சக்தி' என்று இன்னொரு முறை யாரும் என்னைச் சொல்லிவிடக்கூடாது என்ற பயம்தான் அதிகம் இருந்தது.

போனபோது குமரேசனும் அங்கேதான் இருந்தார், தீவன மூட்டை இறக்கிக்கொண்டு. செல்வராணி அக்கா ஸ்கூட்டரைப் பார்த்தார்.

"அது என்னங்க கேனு?"

"வண்டி சாயாம இருக்கறதுக்குக்கா" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், சோடா, களர், என் தவறு, வெங்காயம் இல்லை என்பது வரை. குமரேசன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்று கேட்டார்.

"சோறு மஞ்சளா வருதுன்னு அன்னைக்கே சொன்னனுங்களே அம்மிணி. நீங்ககூட நோட்டுல எழுதினீங்களே."

"எழுதினேன்க்கா."

"என்னன்னு எழுதினீங்க?"

சொன்னேன்.

"நெம்ப நல்லா எழுதினீங்க போங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு மேலாளர்கள் எழுதிய எந்தக் குறிப்பாணையும் என்னை ஒன்றும் செய்ததில்லை.

குமரேசன் தொண்டையைச் செருமினார். "அப்புறமென்னுங்க அண்ணி. முளைக்காதுன்னு அம்மிணியே சொல்லிருச்சு. பேச்சு பேச்சா இருக்கோணும்."

"பேச்சு என்னங்க தம்பி? வெதை போட்டு முளைக்கலைன்னா ஷெட்டு."

"ஆமாங்க."

"நான் இன்னும் வெதையே போடலையே."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். குமரேசன் அடக்கவில்லை. "அண்ணி, நீங்க கோர்ட்டுக்குப் போயிருக்கோணும்" என்றார். செல்வராணி அக்கா சிரிக்கவில்லை. எழுந்துபோய் மேற்கு வரப்பைக் காட்டினார்.

"மேக்கால முக்கா ஏக்கரா எடுத்துக்கங்க. அது எப்படியும் மேடு, தண்ணி ஏறாது. ஷெட்டு அங்க போடுங்க. மீதி ஒண்ணேகால்ல அடுத்த வருசம் இதே மாசம் வரைக்கும் யாரும் ஷெட்டுன்னு வாய் தொறக்கப்படாது. அப்பறம் ஷெட்டுக் கூரையில வுழுகற மழைத்தண்ணி எனக்கு."

"எது?"

"கூரைத் தண்ணி. நல்ல தண்ணி வேணும்னு அம்மிணி சொல்லுதில்ல? உங்க கூரை எத்தனை நீளம்! அது அத்தனையும் சும்மா ஓடைக்குத்தான போவும்? தகரம் அடிச்சு எம்பக்கம் திருப்பி உட்டுருங்க."

"மழைத்தண்ணியக் கேட்டு வாங்கற ஆளை இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றார் குமரேசன். ஆனால் ஒத்துக்கொண்டார். முக்கால் ஏக்கர் சண்டையில்லாமல் கிடைக்கிறதே.

நானும் பர்வீனும் எங்கள் எல்லாப் படிப்பையும் கொட்டி, நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தோம். நிலத்தை விழுங்க வந்த ஷெட்டிடமே தண்ணீரைக் கேட்பது என்று எங்களுக்குத் தோன்றவில்லை. நம் பயிற்சிக் கையேட்டில் 'விவசாயிகளின் பங்கேற்பு' என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் கூட்டம் போட்டு டீ கொடுப்பதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

ஷெட் வந்தது. கூரை ஓரம் தகரம் அடித்தார்கள். கீழ்ப்பக்கம் ஒரு குட்டை வெட்டி, செல்வராணி அக்காவின் கணவர் கொண்டுவந்த பழைய லாரித் தார்ப்பாய்களை ஒட்டுப்போட்டு உள்ளே விரித்தோம். குட்டையில் எங்கோ வடநாட்டுச் சரக்கு மண்டியின் பெயர் தலைகீழாகத் தெரியும். ஜிப்சம் போட்டு உழுதோம். உழுவது என்று எழுத ஒரு வார்த்தைதான். டிராக்டர்காரர் கலப்பைக் கொழுவை இரண்டு முறை மாற்றினார், எங்களை எண்ணமுடியாத முறை திட்டினார். ஐப்பசி மழையில் குட்டை நிறைந்தது. தண்ணீரைத் தேக்கினோம். மூன்றாம் நாள் காலையில் செல்வராணி அக்கா போன் செய்தார்.

"அம்மிணி, தண்ணியக் காணோமுங்க."

"யாராவது வரப்பை வெட்டி உட்டுட்டாங்களா?"

"இல்லீங்க. எறங்கிருச்சு."

இதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? நம்பாமல் நாமக்கல்லிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய், வரப்பைச் சுற்றி நடந்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். வெற்றி வந்தபோது அதைச் சந்தேகப்பட ஒரு தோல்வியாவது முன்பே பட்டிருக்க வேண்டும். அந்த வகையில் நான் நன்றாகத் தயாராகியிருந்தேன்.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. நம் வேலையில் யாரும் அங்கே நிறுத்த விடுவதில்லை. தக்கைப்பூண்டு பாதி நிலத்தில் இடுப்பு உயரம் வந்தது. மீதியில் சொட்டை. மடக்கி உழுத பிறகு, வெங்காயத்துக்கு ஆசைப்படாமல் ராகி போட்டார் செல்வராணி அக்கா. ராகியும் அதே வரைபடத்தைப் பின்பற்றியது: பாதி பச்சை, பாதி சொட்டை. அதை அறுவடை என்று கூப்பிட ஒரு துணிச்சல் வேண்டும்.

கெடு முடிந்த வாரம், நான் அங்கே இருந்தபோது குமரேசன் வந்தார். களத்தில் காயவைத்திருந்த ராகியை ஒரு கை அள்ளி, ஊதிப் பார்த்தார்.

"கோழிக்குப் போடலாமாட்ட இருக்குதுங்க."

"கோழிக்கில்லீங்க, களிக்கு" என்றார் செல்வராணி அக்கா. "கை கழுவிட்டு உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். களியும் கீரைக் குழம்பும். இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஷெட் என்ற சொல் வரவில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "வார வருசமும் ராகிதானுங்களா அண்ணி?" என்று மட்டும் கேட்டார். செல்வராணி அக்கா எனக்குப் பின்னால் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே, "பாக்கலாமுங்க" என்றார்.

நிலம் அவருடையதாகவே இருக்கிறது. பாதிதான் நிலமாக இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கூரைத் தண்ணீர் ஒரு மழைக்காலத்துக்குத்தான். அது தீர்ந்ததும் மறுபடி போர் தண்ணீர்தான். நிலம் மறுபடி மெழுகத் தொடங்கும். அதற்கும் ஒரு வழி பர்வீன் சொன்னார்: மோட்டாருக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு தொட்டி கட்டி, அதில் ஜிப்சம் கட்டிகளை நிரப்பி, தண்ணீரை அதன் வழியாக விடுவது. எங்கள் மேலாளரிடம் கேட்டேன். நம் கம்பெனி தொட்டி விற்பதில்லை, ஜிப்சமும் விற்பதில்லை, வேண்டுமானால் இன்னொரு கேன் கொண்டுபோகலாம் என்றார். கேனுக்குப் பதில் வேலையை விட்டு நான் சால்வையைக் கொண்டுவந்தேன்.

போன வியாழக்கிழமை, நாங்களே கட்டப்போகும் தொட்டிக்கு அளவு குறிக்கப் போனேன். எனக்கு முன்பே குழி வெட்டியிருந்தது. மூன்றடி போதும் என்றிருந்தேன். நாலரை அடி இருந்தது. செல்வராணி அக்கா உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

"கீழ மண்ணு எப்படி இருக்குதுன்னு பாக்கலாம்னு வெட்டிட்டே வந்தனுங்க. இங்க வந்து கடப்பாரை நின்னுருச்சு."

இறங்கிப் பார்த்தேன். சாம்பல் வெள்ளையில், முடிச்சு முடிச்சாகச் சுண்ணாம்பு இறுகிய சுக்கான்கல். ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை போட்டது மாதிரி. குழி இருந்த இடம் சொட்டை விழுந்த பாதியில். நல்லபடியாக வந்த பாதியில் ஐந்தடி வரை வெட்டிப் பார்த்தோம், சுக்கான் இல்லை. இத்தனை நாள் மேலே ஒரு சாண் மண்ணைக் கிள்ளிக் கிள்ளி ஆராய்ந்த நான், கீழே ஒரு கதவு சாத்தியிருப்பதைப் பார்க்கவே இல்லை. இந்த முறை ஒரே ஆறுதல், இதை யாரும் முன்கூட்டிச் சொல்லி நான் நோட்டில் தவறாக எழுதவில்லை.

குமரேசன் மேலிருந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பலகையைத் துளைக்க வேண்டும் என்றதும் அவர் முகம் பிரகாசமானது.

"ரிக்கைக் கொண்டாந்தா ஒரே மணி நேரமுங்க."

"ஆறடிக்கு ரிக்கா?" என்றேன். "ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?"

"ஆயிரம் அடிக்குச் சிரிக்கலையே" என்றார் குழிக்குள்ளிருந்து செல்வராணி அக்கா. "ஆறடிக்கு வேணா சிரிக்கட்டும்."

கடைசியில் ரிக் வேண்டாம் என்று முடிவானது. தென்னங்குழி போடும் டிராக்டர் துளைப்பான் ஒன்றைத் திங்கட்கிழமை குமரேசன் கொண்டுவருகிறார். சொட்டைப் பகுதியில் பத்துத் துளை, சுக்கானைத் தாண்டி. ஐந்தில் மணலும் ஜிப்சமும் நிரப்புவோம், மூன்றில் வெறும் மணல், இரண்டைச் சும்மா விட்டுவிடுவோம். குட்டையில் இன்னும் ஒரு முறைக்குத் தண்ணீர் இருக்கிறது. எந்தத் துளையில் இறங்குகிறது, எதில் இறங்கவில்லை என்று பார்ப்போம். எதிலும் இறங்காமலும் போகலாம். அதற்கு வேறு யோசனை இன்னும் கைவசம் இல்லை. துளைப்பான் நுழையாத இடத்தைக் கையால்தான் உடைக்க வேண்டும். எங்களிடம் கடப்பாரை இரண்டுதான். உங்களில் வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்து வாருங்கள்.